கைதட்டலோடு கட்டணச் சீட்டு!

பிரிட்டனிலே கை தட்டினார்கள். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பத்து வாரம்! 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 26 முதல் மே 28 வரை, வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு, வீட்டு வாசலிலும் மாடி முகப்பிலும் நின்று ஊரே கை தட்டிற்று. கொரோனாவோடு மல்லுக்கட்டிய டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் அது நன்றிக் காணிக்கை என்றார்கள். பிரதமர் போரிஸ் ஜான்சன் தட்டினார். நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் தட்டினார். தட்டட்டும்! உயிரைப் பணயம் வைத்து உழைப்பவனுக்கு ஊர் நன்றி சொல்வது நல்ல பழக்கந்தான், குறை சொல்வாரில்லை.

ஆனால் அதே பத்து வாரத்திலே, அந்த டாக்டர்களிலும் நர்சுகளிலும் ஒரு பகுதியாரிடம் அதே சர்க்கார் வேறொன்றையும் நீட்டிக்கொண்டிருந்தது. அது கட்டணச் சீட்டு! "உங்களுக்கு நன்றி, ஆனால் நீங்கள் நோயில் விழுந்தால் படுக்கப் போகும் ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டுங்கள்" என்று சொல்லாமற் சொன்ன சீட்டு.

யார் அந்தப் பகுதியார்? வேற்று நாட்டில் பிறந்து, வேற்று நாட்டில் படித்து, பயிற்சியும் அங்கேயே முடித்து, பிரிட்டனுக்கு வேலைக்கு வந்தவர்கள். இந்தியர், பிலிப்பைன்காரர், நைஜீரியர், பாகிஸ்தானியர், சூடானியர். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையிலே அன்று உழைத்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் பிற நாட்டவர். அந்தப் பிற நாட்டவரிலே எண்ணிக்கையில் முதலிடம் இந்தியருக்கு. நம் நாட்டு நர்சுப் பள்ளிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பயின்றவர்கள் அங்கே வார்டு வார்டாக நின்றார்கள். ஆகவே, கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், தோழர்களே!

கேள்வி எளியது. தொற்று நோய்க் காலத்திலே சர்க்கார் சலுகை அறிவித்தது, நிவாரணம் அறிவித்தது. இவர்கள் அதற்குத் 'தகுதி' உடையவர்களா? உழைக்கத் தகுதி உண்டு என்றார்கள். சாகவும் தகுதி இருந்தது; அதைக் கொரோனா மெய்ப்பித்தது. உதவி பெற மட்டும் தகுதி உண்டா என்று கேட்டபோதுதான் சர்க்கார் சட்டப் புத்தகத்தைத் தேடியது.

சுரங்கத் தொழிலாளி கட்டிய மாளிகை

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் பிறந்தது. அதைக் கட்டியெழுப்பிய சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் சீமான் வீட்டுப் பிள்ளையல்லர். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்திலே பதின்மூன்றாம் வயதில் இறங்கியவர். நோய் வந்தால் ஏழையும் பணக்காரனும் ஒரே வாசலில் நுழைய வேண்டும், பணப்பெட்டி குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கிறோம் என்று 1951-இல் தம் கட்சிச் சர்க்காரே கிளம்பியபோது, பதவியை உதறி வெளியேறியவர் அவர். வெளிநாட்டிலிருந்து வந்து தங்குவோருக்கும் சிகிச்சை இலவசமாகவே இருக்க வேண்டும் என்று 1952-இல் தாம் எழுதிய நூலிலே வாதாடினார்.

மாளிகை எழுந்தது. ஆனால் மாளிகையிலே வேலை செய்ய ஆள் போதவில்லை. கடல் கடந்து ஆள் தேடினார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நர்சுகள் வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இளம் டாக்டர்கள் வந்தார்கள். அவர்கள் இல்லாதிருந்தால் சுகாதார சேவையே சரிந்து விழுந்திருக்கும் என்று 1961-லேயே பிரபுக்கள் சபையில் கோஹன் பிரபு எடுத்துரைத்தார். அவரும் ஒரு மருத்துவரே. ஆக, வெளிநாட்டில் பயின்றவர்கள் அந்த மாளிகைக்கு விருந்தாளிகளாக வரவில்லை, தூண்களாக வந்தார்கள்.

நுழைவாயிலிலே வசூல்

அந்தத் தூண்களிடம்தான் வாடகை கேட்டார்கள்!

2014-இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தின் துணையோடு, 2015 ஏப்ரலில் 'குடியேறுவோர் சுகாதாரக் கட்டணம்' என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு. 2019 ஜனவரியில் அது 400 ஆயிற்று. 2020 மார்ச்சு 11-ஆம் நாள் வரவு செலவுத் திட்டத்திலே, அக்டோபர் முதல் 624 பவுண்டு என்று அறிவித்தார்கள். அந்த நாளைக் கவனியுங்கள் தோழர்களே! கொரோனா உலகு தழுவிய கொள்ளை நோயாகிவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் பறைசாற்றியதும் அதே மார்ச்சு 11-தான். உலகம் டாக்டரையும் நர்சையும் தேடிய நாளிலே, கடல் கடந்து வரும் நர்சின் தலைமீது கட்டணத்தை ஏற்றி வைத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நர்சு, அவர் கணவர், இரண்டு குழந்தைகள். மூன்றாண்டு விசா. ஆளுக்கு 400 வீதம், நாலு பேருக்கு மூன்றாண்டுக்கு 4,800 பவுண்டு. மாதாமாதம் கட்டலாமா? முடியாது; முழுத் தொகையையும் முன்கூட்டியே வைக்க வேண்டும். விசாக் கட்டணம் தனி. சம்பளம் வாங்கத் தொடங்கியதும் வருமான வரியும் தேசிய இன்ஷூரன்ஸ் சந்தாவும் உள்ளூர்க்காரருக்குப் போலவே பிடித்தம். சுகாதார சேவை நடப்பதே பெரும்பாலும் வரிப்பணத்தில். அந்த வரியைக் கட்டிவிட்டு, கட்டணமும் கட்டி, இரவெல்லாம் அதே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பணிவிடை செய்ய வேண்டும். உணவு விடுதியிலே சமைப்பவனிடம், 'நாளை நீ சாப்பிடக்கூடும், இன்றே காசு வை' என்று கேட்பது போன்ற நியாயம் இது!

சர்க்கார் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதையும் கேட்போம். "இந்த நாட்டார் தலைமுறை தலைமுறையாக வரி கட்டி இந்தச் சேவையை வளர்த்தார்கள். நேற்று வந்தவர் அப்படிக் கட்டவில்லையே. நுழையும்போது கொஞ்சம் கொடுத்தால் என்ன?" என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது.

ஆனால் ஒரு நர்சு வானத்திலிருந்து குதித்து வருவதில்லை. அவளைப் பெற்று, பள்ளிக்கு அனுப்பி, நர்சுப் படிப்புப் படிக்க வைத்து, வார்டிலே பழக்கி, முழுத் தொழிலாளியாக ஆக்கியது யார்? கேரளத்துத் தந்தை கடன் வாங்கினார். மணிலாவிலே ஒரு தாய் நகையை விற்றாள். நைஜீரிய நாட்டு வரிப்பணம் அங்குள்ள மருத்துவக் கல்லூரியை நடத்திற்று. ஏழை நாடுகள் செலவு செய்து வளர்த்த மரத்தின் கனியைப் பணக்கார நாடு பறித்துக்கொள்கிறது. பயிற்சிச் செலவு முழுவதும் பிரிட்டனுக்கு மிச்சம். அந்த மிச்சத்தை வரவில் எழுதாமல், 'நீ முன்னே ஒன்றும் தரவில்லையே' என்று கேட்பது எந்தக் கணக்குப் புத்தகத்தின் நீதி?

கதவுக்கு உள்ளே இன்னொரு பூட்டு

வாசலில் வசூல் முடிந்தது. உள்ளேயாவது ஆதரவு உண்டா? அங்கே இன்னொரு பூட்டு. விசாவோடு சேர்த்து ஒரு நிபந்தனை விதிக்கிறார்கள்: 'பொது நிதியை நாடக் கூடாது.' 1999-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் துணை அதற்கு உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்துக்குத் தரும் உதவித் தொகை, வீட்டு வாடகை உதவி, குழந்தைகளுக்கான படி ஆகியவற்றில் எதையும் இவர்கள் கேட்க முடியாது. கொரோனாக் காலத்தில் வறியவர்களுக்கான உதவித் தொகையை வாரத்துக்கு 20 பவுண்டு கூட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் பூட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அந்த இருபதும் இல்லை, அதற்கு மூலமான தொகையும் இல்லை.

உள்ளதை உள்ளபடி சொல்வோம். வேலை நின்றுபோன தொழிலாளிக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு தரும் திட்டம் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டாருக்கும் அது கிடைத்தது. நோயுற்ற தொழிலாளிக்குச் சட்டப்படி தரும் படியும் கிடைத்தது. அது வாரத்துக்கு 95 பவுண்டு 85 பென்சு. இலண்டன் வாடகைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதை வாடகை வீட்டிலே குடியிருக்கும் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பூட்டு எவரை வாட்டிற்று என்பதற்கு இலண்டன் உயர்நீதி மன்றமே சாட்சி. 2020 மே 7-இல் வந்த தீர்ப்பு அது. வழக்காடியது எட்டு வயதுச் சிறுவன். பையன் பிரிட்டிஷ் பிரஜை. தாய் வெளிநாட்டிலிருந்து வந்தவர். அவர் செய்த வேலை? குறைபாடுடையோரைப் பேணும் பராமரிப்பு வேலை. பிறர் வீட்டு நோயாளியைப் பேணிய அந்தத் தாய்க்கு, தன் குழந்தையைப் பேண உதவி கேட்கத் தகுதியில்லை! வறுமையில் விழப்போகிறவருக்கும் பூட்டைத் திறக்காத இந்த விதிமுறை சட்டத்துக்கு ஒவ்வாது என்று நீதிபதிகள் கூறினார்கள்.

அதற்குப் பின் இருபது நாள் கழித்து, மே 27-இல், பாராளுமன்றக் குழுவொன்றின் முன்னே பிரதமர் ஜான்சன் அமர்ந்தார். இந்த நிபந்தனையால் தவிக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ் கேட்டார். அந்தக் குடும்பத்துக்கு ஏன் உதவித் தொகை கிடைக்கவில்லை என்று பிரதமர் திருப்பிக் கேட்டார்! தம் சர்க்கார் பூட்டிய பூட்டு எந்தக் கதவில் தொங்குகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆண்டு கணக்கில் அதை இடித்துக்கொண்டு நின்றவர்களுக்கல்லவா தெரியும்!

இன்னொரு கூட்டத்தாரையும் நினையுங்கள். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் பெற்றவர் பிரிட்டனில் பதிவு பெற ஒரு தேர்வு எழுத வேண்டும். அதன் செய்முறைப் பகுதி மான்செஸ்டரில் நடக்கும். தேர்வுக்காக இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சென்ற டாக்டர்கள் பலர், 2020 மார்ச்சில் தேர்வு நின்றுபோக, விமானமும் நின்றுபோக, அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். வந்தது பார்வையாளர் விசா. வேலை செய்ய அனுமதியில்லை, உதவி கேட்கவும் வழியில்லை. டாக்டர் இல்லை டாக்டர் இல்லை என்று நாடு அலறியபோது, படித்த டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட்டவர்கள் அங்குள்ள இந்திய டாக்டர் சங்கத்தாரும் அறநிலையத்தாரும்.

பட்டியலில் யார்? வெளியே யார்?

சாவு பெருகிற்று. கைதட்டல் தொடங்குவதற்கு முதல் நாள், மார்ச்சு 25-இல், கார்ட்டூமில் மருத்துவம் பயின்ற அறுவை நிபுணர் அதில் எல் தையார் மாண்டார். அதே நாளில் பாகிஸ்தானில் பயின்ற குடும்ப டாக்டர் ஹபீப் ஜைதியும் மாண்டார். பத்திரிகைகள் படத்தோடு எழுதின. சர்க்காருக்கு ஏதாவது செய்தே தீர வேண்டிய நிலை.

மார்ச்சு 31-இல் முதல் சலுகை வந்தது. அக்டோபர் முதல் நாளுக்குள் விசா முடியும் டாக்டர், நர்சு, ஆம்புலன்சு மருத்துவப் பணியாளர் ஆகியோருக்கு ஓராண்டு இலவச நீட்டிப்பு. ஏறத்தாழ 2,800 பேருக்குப் பயன். ஏப்ரல் 29-இல் பட்டியல் சற்று நீண்டது: மருத்துவச்சி, மருந்தாளர், எக்ஸ்ரே நிபுணர், சமூகப் பணியாளர் சேர்ந்தார்கள். இவர்களில் எவரேனும் கொரோனாவால் இறந்தால், அவர் குடும்பம் பிரிட்டனிலேயே நிலையாகத் தங்கலாம் என்றும் சொன்னார்கள். இறந்தவரின் விசாவோடு மனைவி மக்களின் விசாவும் செத்துவிடும் என்பது பழைய விதி. அதற்கு இது விலக்கு.

நல்லது! ஆனால் பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள். டாக்டர் இருக்கிறார், நர்சு இருக்கிறார். கொரோனா வார்டின் தரையைக் கழுவியவன் எங்கே? பிணத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்றவன் எங்கே? முதியோர் இல்லத்திலே கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் எங்கே? இல்லை! கிருமி பதவி பார்த்துப் பற்றவில்லை. சர்க்கார் பதவி பார்த்துப் பட்டியல் போட்டது.

சிரியாவிலிருந்து அகதியாக வந்தவர் ஹசன் அக்காது. விருது பெற்ற படப்பிடிப்பாளர். கொரோனாக் காலத்தில் கிழக்கு இலண்டன் ஆஸ்பத்திரியொன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். மே 20-இல் தம் முகத்தைத் தாமே படம் பிடித்து, பிரதமரை விளித்துப் பேசினார். நாங்கள் செத்தால் எங்கள் குடும்பத்துக்கு இங்கே இடமில்லையா, கைதட்டிவிட்டு முதுகில் குத்துகிறீர்களே என்ற கருத்துப்படக் கேட்டார். நாடெங்கும் அந்தப் பேச்சுப் பரவிற்று. அன்று மாலைக்குள் உள்துறை அமைச்சர் பிரீதி பட்டேல் அறிவித்தார்: துப்புரவாளர், சுமை தூக்குவோர், பராமரிப்புப் பணியாளர் ஆகியோரின் குடும்பங்களுக்கும் அந்த உரிமை உண்டு! ஏப்ரலில் முடியாதது மே 20 பிற்பகலில் முடிந்தது. கஜானா அதற்குள் நிறைந்துவிடவில்லை. தெருவிலே பேச்சு மாறிவிட்டது, அவ்வளவே.

அதே மே 20-இல் காமன்ஸ் சபையிலே எதிர்க்கட்சித் தலைவர் கேர் ஸ்டார்மர் சுகாதாரக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டார். கட்டணத்தால் 90 கோடி பவுண்டு வருகிறது, விட முடியாது என்றார் ஜான்சன். அது ஓராண்டு வரவன்று, நான்காண்டுத் தொகை. அதே ஜான்சன்தான் ஏப்ரல் 12-இல் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தபோது, தம் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்த இரண்டு நர்சுகளுக்கு நன்றி கூறியவர். ஒருவர் நியூசிலாந்துக்காரர், மற்றவர் போர்ச்சுகல்காரர். சங்கங்கள் விடவில்லை. ராயல் நர்சிங் கல்லூரியும் யூனிசன் தொழிற்சங்கமும் கொரோனாவுக்கு முன்பிருந்தே இந்தக் கட்டணத்தை எதிர்த்து வந்தவை. ஆளுங்கட்சி வரிசையிலேயே முணுமுணுப்புக் கிளம்பிற்று. மறு நாள், மே 21-இல், பிரதமர் பின்வாங்கினார். சுகாதார சேவையாருக்கும் பராமரிப்புப் பணியாளருக்கும் கட்டணமில்லை!

ஒரே இரவில் உள்ளம் உருகிவிட்டதா? உருகவில்லை, தோற்றுவிடுவோம் என்று தெரிந்தது.

கொடுத்த கை எடுக்கவும் எடுக்கும்

வெற்றிதான், ஆனால் முழு வெற்றியா? அறிவிப்புக்குப் பின்னும் வாரக்கணக்கில் கட்டணம் வசூலாயிற்று. 2020 அக்டோபரில் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. அதற்கும் நிபந்தனை: வாரம் சராசரி 16 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும், ஆறு மாதம் உழைத்து முடித்த பிறகு, ஆறு மாதத்துக்குரிய பணம் திரும்பும். அதாவது, கட்டும்போது மொத்தமாக, வாங்கும்போது தவணையாக.

2020 ஆகஸ்டு 4-இல் 'சுகாதார, பராமரிப்பு விசா' என்று ஒன்றைத் திறந்தார்கள். அதிலே வந்தால் கட்டணமில்லை. பெயரிலே பராமரிப்பு இருந்தது. சாதாரணப் பராமரிப்புத் தொழிலாளி மட்டும் இல்லை! ஆள் பஞ்சம் கழுத்தை நெரித்த பிறகு, 2022 பிப்ரவரியில் அவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். 2024 மார்ச்சு 11 முதல், புதிதாக வருகிறவர் மனைவி மக்களை அழைத்து வரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் அந்தக் கதவையே சாத்தினார்கள். 2025 நவம்பரில் வந்த முன்மொழிவு, பராமரிப்புப் பணியாளர் போன்ற குறைந்த ஊதியத்தார் நிலையாகத் தங்கும் உரிமைக்குப் பதினைந்து ஆண்டு காத்திருக்கட்டும் என்றது.

2025-இல் கதவைச் சாத்திய சர்க்கார் யாருடையது? அனூரின் பெவனின் தொழிற்கட்சியுடையது! 2020-இல் கட்டணத்தைக் கண்டித்த அதே ஸ்டார்மர்தான் பிரதமர். எதிர்வரிசையில் இருக்கும்போது இளகும் நெஞ்சு, ஆளும் வரிசைக்கு வந்ததும் இறுகிவிடுவதைப் பாருங்கள்!

கட்டணமும் சாகவில்லை. 2023 ஜூலையில், டாக்டர் முதலான பொதுத் துறையாருக்கு ஊதிய உயர்வு தர வேண்டி வந்தபோது, அப்போது பிரதமராயிருந்த சுனக், விசாக் கட்டணத்தையும் சுகாதாரக் கட்டணத்தையும் ஏற்றிப் பணம் திரட்டுவோம் என்றார். 2024 பிப்ரவரி 6 முதல் கட்டணம் 1,035 பவுண்டு ஆயிற்று. ஆஸ்பத்திரி விசாக்காரருக்கு விலக்கு உண்டு. விடுதியிலும் கடையிலும் கணக்குப் பிரிவிலும் வேலை செய்யும் மற்ற வெளிநாட்டுத் தொழிலாளி கட்டத்தான் வேண்டும். ஒரு தொழிலாளியின் உயர்வுக்கு இன்னொரு தொழிலாளியின் சட்டைப் பையில் கை வைப்பது! இவனுக்கும் அவனுக்கும் மனக்கசப்பு மூண்டால் ஆள்வோருக்கு லாபந்தானே?

நமக்கு என்ன பாடம்?

ஒப்புநோக்க ஒன்று சொல்வோம். 2020 மார்ச்சு 26-இல் இந்தியச் சர்க்கார் சுகாதாரப் பணியாளருக்கு 50 லட்ச ரூபாய் இன்ஷூரன்சு அறிவித்தபோது, அந்த அறிவிப்பிலேயே துப்புரவுத் தொழிலாளியும் வார்டு ஆளும் ஆஷா ஊழியரும் இடம் பெற்றார்கள். அந்தப் பணத்துக்கு நடையாய் நடந்தவர்களின் துயரம் தனிக் கதை, அதை மறைக்கவில்லை. ஆனால் பட்டியலை எழுதும்போதே கடைசித் தொழிலாளியின் பெயரையும் எழுத முடியும் என்பதற்கு அது சான்று. முடியாது என்பார் சொல்வது நொண்டிச் சாக்கு.

ஆகவே தோழர்களே, எங்கே எந்தச் சர்க்கார் நிவாரணம் அறிவித்தாலும், தொகை எவ்வளவு என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். பட்டியலில் யார் பெயர் இல்லை என்று முதலில் பாருங்கள். நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம் என்ற பிரிவினை நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஒரே வார்டில் ஒரே வேலை, ஆனால் வெவ்வேறு தகுதி. விசா என்பது அங்கே வைத்த பெயர்; ஒப்பந்தம் என்பது இங்கே வைத்த பெயர். இரண்டும் தொழிலாளியைப் பார்க்காமல் அவன் கையிலிருக்கும் காகிதத்தைப் பார்க்கும் கண்ணாடிதான்.

அடுத்து, கொடுத்தது உரிமையா, சலுகையா என்று கேளுங்கள். அமைச்சர் அறிவிப்பால் வந்தது அமைச்சர் மாறினால் போகும். சட்டத்தில் எழுதியதை மாற்றச் சபையைக் கூட்ட வேண்டும். 2021 மார்ச்சில், கைதட்டல் ஓய்ந்து ஓராண்டு ஆவதற்குள், அந்த நர்சுகளுக்கு ஒரு விழுக்காடு ஊதிய உயர்வு போதும் என்று அதே சர்க்கார் பரிந்துரைத்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே ஜூலையில் மூன்று விழுக்காடாயிற்று. கைதட்டலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விலைச்சீட்டு வேண்டுமா?

எந்த நாட்டில் படித்தான், எந்தக் காகிதத்தோடு வந்தான் என்பதைச் சர்க்கார் வேலைக்கு எடுக்கும் நாளில் விசாரிக்கட்டும். வேலைக்கு எடுத்த பின், வரி பிடித்த பின், நோய்க்கு நடுவே நிறுத்திய பின், உதவியின் வாசலில் மறுபடி நிறுத்தி 'நீ யார்?' என்று கேட்கும் உரிமை அதற்கு இல்லை. உழைப்புக்கு உள்ளே அழைத்தவனை உதவிக்கும் உள்ளே அழைக்கத்தான் வேண்டும். இலண்டன் துப்புரவாளர் அதைக் கேட்டார், பெற்றார். பெற்றதைக் காப்பாற்ற அவருக்கு இன்னும் சங்கம் தேவைப்படுகிறது. நமக்கும் அப்படியே.